ஸ்டாக்கில் இல்லாத அழுகை

டப்பிங் தியேட்டரில் அழுகையைக் கடைசியில் வைப்பதுதான் வழக்கம். அழுதால் மூக்கடைக்கும், மூக்கடைத்தால் தொண்டை கனக்கும், அதற்கப்புறம் அந்தக் குரலை வைத்துக்கொண்டு "காபி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டால்கூட இழவு வீட்டில் கேட்பது போலத்தான் விழும். அதனால் புனிதவதி காலையிலிருந்து, தான் குரல் கொடுக்கிற படத்து அம்மாவின் சிரிப்பு, அதட்டல், மீன்காரியோடு பேரம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைக் கொறித்துவிட்டு, இப்போது குட்டைக் கரைக் காட்சிக்கு வந்து சேர்ந்திருந்தாள். கல்குவாரிக் குட்டை. அதிலிருந்து பெண்குழந்தையைத் தூக்கிக் கரையில் போடுகிறார்கள், அம்மா ஓடி வருகிறாள், விழுகிறாள், அழுகிறாள். வசனம் ஒன்றுமில்லை, வெறும் அழுகை. புனிதவதி அழுதாள். முப்பது வருஷமாக எத்தனையோ நடிகைகளின் வாய்க்கு அழுதவள், இதற்கும் அழுதாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் பிரேம் தலையைச் சொறிந்தான். முதல் படம், நல்ல பிள்ளை, எதையும் நேராகச் சொல்லக் கூச்சப்படுகிறவன். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "அக்கா, அழுகை பிரமாதமா இருக்குக்கா. ஆனா... அழற மாதிரியே இருக்கு." அப்புறம் அவனே சங்கடப்பட்டு, டீ குடிச்சிட்டு வந்து பண்ணலாம் என்றான். சவுண்ட் இன்ஜினியர் ரஃபி படத்தை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போனான். வெளியே போனால் வெயில், உள்ளே வந்தால் ஏசி, தொண்டைக்கு ஆகாது என்று புனிதவதி மட்டும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். எதிரே திரையில் அந்தக் குழந்தையின் முகம், நெற்றியில் ஒட்டிய ஈரமுடியோடு, அகலமாக நின்றது.

அழுகிற மாதிரி இருக்கிறதாம். வேறு எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு எரிச்சல் எழுந்து, எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துகொண்டது, ஏனென்றால் பையன் சொன்னது உண்மை. அவள் இன்றைக்கு அழுதது தொண்டையால். வயிற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு காலத்தில் வந்தது. எப்படி வரவழைப்பது என்று சீலன் கற்றுக்கொடுத்திருந்தான். ஜெயசீலன், நாடகப் பள்ளியில் கூடப் படித்தவன், பிறகு புருஷன், பிறகு அதுவும் இல்லாதவன். துக்கத்தை நேராகக் கூப்பிடாதே, கூப்பிட்டால் வராது, வந்தாலும் வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்பான். துக்கம் நடந்த இடத்தில் இருந்த ஒரு பொருளைக் கூப்பிடு. அதன் வாசனை, தொட்டால் சில்லென்று இருந்ததா, சொரசொரப்பாக இருந்ததா, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது. பொருள் வந்துவிட்டால் துக்கம் தானாகப் பின்னாலேயே வந்துவிடும். இது என்ன மந்திரமா என்று அவள் கேலி பண்ணினால் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "மந்திரமில்ல புனிதா, இது சயின்ஸ்" என்று ஆரம்பித்துவிடுவான். போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில் பிரான்ஸில் ஒரு மனோதத்துவக்காரர், பட்ட உணர்ச்சி உடம்பில் தடம் விட்டுத்தான் போகிறது, தடத்தை மிதித்தால் உணர்ச்சி திரும்பும் என்று எழுதினாராம். அதைப் படித்த ரஷ்ய நாடகக்காரர் ஒருவர் நடிகர்களுக்குப் பாடமாக்கினாராம். அதே நாட்டில் இன்னொருவர் நாய்க்கு மணியடித்து எச்சில் ஊற வைத்தாராம். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய், சினிமாவுக்குள் நுழைந்து, உலகம் முழுக்கச் சுற்றிக் கடைசியில் சாலிகிராமத்தில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில், சீலன் வாயால், புனிதவதியின் காதுக்கு வந்தது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாரேன் என்று அப்போது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்பாவின் கையுறையைத்தான் அவள் முதலில் எடுத்தாள். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறினவர் இறங்கவில்லை, இறக்கினார்கள். வீட்டுக்கு வந்த பையில் அந்த ரப்பர் கையுறை இருந்தது, உள்ளே இன்னும் வியர்வை ஈரம். அன்றைக்கு அவள் அதற்குள் கையை விட்டுப் பார்த்திருந்தாள். முதல் தடவை அதை நினைத்துப் பேசினபோது தியேட்டரில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யாரோ ஒரு கதாநாயகி யாரோ ஒரு மாமனாருக்காக அழ, அப்பா வந்து உதவினார். அப்புறம் வாரம் தவறாமல் உதவினார். விவாகரத்துக்கு, தாலி அறுந்ததற்கு, காணாமல் போன நாய்க்குக்கூட ஒரு முறை. எந்தப் படம், எந்தத் தொடர் என்று பார்க்காமல் வந்துகொண்டே இருந்தார். எப்போது நின்றார் என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் கையுறை வந்தது, அப்பா வரவில்லை. முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். மாலை போட்ட போட்டோவிலிருந்த முகம்தான் வந்தது, அது ஸ்டுடியோக்காரன் டச்சப் பண்ணின முகம். பிறகு கையுறையும் போய் வெறும் ரப்பர் வாசனை மட்டும் நின்றது. ஒருநாள் சமையலறையில் புது கேஸ் டியூப் மாட்டினார்கள். அந்த வாசனைக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டுகிறது, மனசில் ஒரு பொட்டு வருத்தமில்லை. மாட்ட வந்தவன் பயந்துபோய், "கேஸ் லீக் ஆகுதாம்மா?" என்று திரும்பத் திரும்பச் சோதித்தான். மணியடித்ததும் எச்சில் விடுகிற நாய் கதையை சீலன் சொன்னபோது சிரித்தோமே, அந்த நாய்க்காவது சோறு வந்திருக்கும் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குக்கரை இறக்கினாள். எதிரே திரையில் இப்போதும் குழந்தை அப்படியே கிடந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ. மேக்கப் போட்டு உதட்டை நீலமாக்கியிருக்கிறார்கள். இமை லேசாகத் துடித்த இடத்தில்தான் ரஃபி நிறுத்தியிருக்கிறான் போலிருக்கிறது, ஒரு கண் பாதி திறந்திருந்தது. அதைப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டு அதையே பார்த்தாள்.

ஆறாத நினைவைத் தொடக்கூடாது என்பதும் சீலன் சொன்ன விதிதான். பழசாகி, தழும்பாகி, தொட்டால் வலிக்கும் ஆனால் ரத்தம் வராது என்று ஆன பிறகே எடுக்க வேண்டும். ரோஷிணி விஷயத்தில் அவள் அதைக் கேட்கவில்லை. ரோஷிணி அவர்களுடைய ஒரே பெண். டெங்கு. நான்காம் வகுப்பு முடிக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்றபோதே, பிள்ளையின் கையில் ஊசியைப் பிடித்து ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் அழுக்காகிச் சுருண்டிருந்ததை அவள் கண் கவனித்துவிட்டது. வேண்டுமென்று கவனிக்கவில்லை. பழகின கண், பூக்காரி போகிற போக்கில் முழம் போடுகிற மாதிரி அதுபாட்டுக்கு எடுத்துக்கொண்டது. வருஷம் திரும்புவதற்குள் ஒரு படத்தில் அந்தப் பிளாஸ்திரியைப் பிடித்து அழுதாள். விருது கொடுத்தார்கள். படத்தைப் பார்க்க சீலன் தனியாகப் போய்விட்டு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். கத்துவான், அடிப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார்கள். "ரோஷியத்தான எடுத்த?" என்றான். ஆமாம் என்றாள். அப்புறம், "எந்தப் பொருளப் புடிச்ச?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவளும், "கையில ஒட்டியிருந்துச்சே பிளாஸ்திரி, அதோட ஓரம்" என்று சொன்னாள். "ம். நான் அந்த ட்ரிப் ஸ்டாண்டோட சக்கரத்தப் பாத்தேன்" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தாங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. பெற்ற பிள்ளை சாகும்போது ஆளுக்கொரு பொருளைப் பொறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று தெரிந்த பிறகு எப்படி ஒரே தட்டில் சோறு போட்டுத் தின்பது. சண்டையில்லை, வக்கீல் இல்லை. அவன் கீழ்க்கட்டளையில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனான். அவள் அந்தப் பிளாஸ்திரியை வைத்து இன்னும் பல வருஷம் அழுதாள். இப்போது அந்த ஆஸ்பத்திரியை நினைத்தால் ஏதோ செட்டு போட்ட மாதிரி இருக்கிறது. கட்டில் இருக்கிறது, கொசுவலை இருக்கிறது, படுத்திருக்கிற பிள்ளைக்கு அழுகிற அம்மாவின் கஷ்டம் மட்டும் அவளுடையதாக இல்லை.

பிரிந்த பிறகும் சீலன் எப்போதாவது போன் பண்ணுவான். நாடகத்தையெல்லாம் விட்டுவிட்டான். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வகுப்பு எடுக்கிறான், போனில் திட்டுகிற வாடிக்கையாளரிடம் உள்ளுக்குள்ளிருந்து கனிவாகப் பேசுவது எப்படி என்று. கனிவு வேண்டுமென்றால் உங்கள் அம்மா ஊட்டின ஒரு கவளத்தை நினையுங்கள், அதன் சூட்டை நினையுங்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். எத்தனை அம்மாக்கள் அங்கே தேய்ந்துகொண்டிருக்கிறார்களோ. ஒருநாள் குரலில் பழைய உற்சாகத்தோடு கூப்பிட்டான். "புனிதா, ஒண்ணு படிச்சேன். எலிய வெச்சுப் பாத்திருக்காங்க." எலிக்கு ஒரு சத்தம் கொடுத்து, கூடவே ஷாக் கொடுத்து, அந்தச் சத்தம் கேட்டாலே பயப்படும்படி செய்கிறார்கள். அந்தப் பயம் தலைக்குள் கல்லில் வெட்டின மாதிரி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. நினைவு வெளியே வருகிற அந்த நேரத்தில் ஈரக் களிமண் மாதிரி இளகிவிடுகிறது. மறுபடி இறுகினால்தான் மறுபடி நினைவு. இறுகுவதற்குள் ஒரு மருந்தைக் கொடுத்தார்கள், எலிக்கு அந்தப் பயமே போய்விட்டது. "அப்போ ஒவ்வொரு தடவ எடுக்கும்போதும் நாம புதுசாத்தான் செஞ்சு வெக்கறோம், பாரேன்! பழசு அப்படியே இருக்கறதே இல்ல." அவனுக்கு அது அதிசயமாக இருந்தது. அவளுக்கோ, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அப்பா தானாக எங்கேயும் போய்விடவில்லை, அவள்தான் எடுத்து எடுத்துக் கையாலேயே உருமாற்றியிருக்கிறாள். அன்று இரவு படுத்துக்கொண்டு, இன்னும் தொடாமல் என்ன மிச்சமிருக்கிறது என்று தேடினாள். ஒன்றே ஒன்று இருந்தது. ரோஷிணி உயிரோடு இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதில் ஒன்றுமே நடக்கவில்லை, அதனாலேயே எந்தப் படத்துக்கும் அது உதவியிருக்காது. அதை அன்றைக்கே மூடினாள். பிறகு நினைக்கவே இல்லை. நினைக்காமல் இருப்பதும் லேசில்லை. அது இருக்கிற பக்கம் மனசு போனால், வீட்டுக்குள் தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போவதுபோல் மெல்லக் கால் வைத்துத் திரும்பி வர வேண்டும். நினைக்கவே கூடாத ஒன்றை வைத்துக்கொண்டிருப்பதற்கும் இல்லாமலே இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு குதர்க்கம் அடிக்கடி எழும். வித்தியாசம் இருக்கிறது என்று மட்டும் பதில் சொல்லிவிட்டு அவள் வேறு வேலை பார்ப்பாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது. திரும்பி வந்துவிட்டார்கள். பிரேம் குரலில் டீயின் தெம்பு. "அக்கா, ரொம்ப சிரமப்படாதீங்க. ரஃபி அண்ணன்கிட்ட உங்க அழுக ஸ்டாக்ல நிறைய இருக்காம். ஒண்ண எடுத்து லிப்புக்கு ஒட்ட வெச்சிடலாம்கிறாரு. மெஷின்ல கொஞ்சம் சரி பண்ணிக்கலாம்." ரஃபி அவசரமாக, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எல்லாம் உங்களோடதுதான்" என்றான். உண்மைதான், எல்லாம் அவளுடையதுதான். அங்கே கம்ப்யூட்டருக்குள் அப்பா ஒரு இருபது முப்பது தடவை செத்திருப்பார், பிளாஸ்திரி ஒரு பக்கம் இருக்கும். எடுத்துப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அந்த ஞாயிற்றுக்கிழமையும் இருந்த இடத்தில் இருந்திருக்கும். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு அவளிடம் கௌரவமான காரணம் எதுவுமில்லை. அழுகிற மாதிரி இருக்கிறது என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். புருஷன் போய், பிள்ளை போய், எல்லாம் போன பிறகும் இந்த ரோஷம் மட்டும் உடம்பில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடிக்கிறவர்களைப் பிடிக்கிற சனியன் அது. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொள்வோம் என்று நினைத்தாள். திறக்க வேண்டாம், வாசனை மட்டும் போதும், ஒரே ஒரு தடவை. "ஸ்டாக்கெல்லாம் வேணாம் ரஃபி. போடுங்க" என்றாள். படம் பின்னுக்கு ஓடி, நின்று, மறுபடி நகர்ந்தது. ஹெட்போனில் படப்பிடிப்பில் பதிவான குழந்தையின் சிரிப்பு, தண்ணீர்ச் சத்தம், ஆட்கள் கத்துவது. அவள் கண்ணை மூடாமல், திரையில் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டே, ஈரக் கான்வாஸ் ஷூவின் வாசனையை எடுத்தாள். சுண்ணாம்பும் ஈரத் துணியும் கலந்த வாசனை. ஓரத்தோடு நிற்கவில்லை, முழுசாக வந்துவிட்டது. திங்கட்கிழமை பி.டி. வகுப்புக்கு வெள்ளை ஷூ. பாலிஷ் தீர்ந்துபோய் ரோஷிணி சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துப் பழைய பிரஷ்ஷால் பூசிக்கொண்டிருக்கிறாள், பாத்ரூம் வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து. முழங்காலில் ஒரு வெள்ளைக் கோடு. புனிதவதி யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறாள். ரோஷிணி திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, இது காயறதுக்குள்ள நாளைக்கு வந்துடுமா?" என்கிறாள். "வராது. காஞ்சப்புறந்தான் வரும்." அவ்வளவுதான். பிள்ளை அதை நம்பித் திரும்பிக்கொண்டாள். அங்கே திரையில் வாய் திறந்தது, இங்கே புனிதவதி அழுதாள். எப்படி அழுதாள் என்று அவளுக்குத் தெரியாது. முடிந்தபோது மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரேம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

முதலில் ரஃபிதான் பேசினான். "அம்மா... மன்னிச்சுக்கங்கம்மா. லெவல் ஏறிடுச்சு. நடுவுல வாய்ஸ் கிழிஞ்சிருக்கு. இவ்ளோ வரும்னு நான் எதிர்பாக்கல. இன்னொண்ணு... அதே மாதிரி..." அதே மாதிரி என்று எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்கள். தண்ணீர் குடித்தாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள், ஆனால் அது இப்போது வெளியே வந்து கிடக்கிறது, இளகிப்போய், மூடி வைக்காமல், இந்த நேரத்தில் எப்படி அப்படியே விட்டுவிட்டுப் போவது என்று ஒரு பதற்றம். போய் இன்னொரு தடவை பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மூடிவிட்டு வந்துவிடலாம். படம் ஓடியது. சுண்ணாம்பு வாசனை உடனே வந்தது, சொன்ன பேச்சைக் கேட்டுப் பழகின மாதிரி. பாத்ரூம் வாசல் வந்தது, பிரஷ் வந்தது, முழங்காலில் வெள்ளைக் கோடு வந்தது. பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. ஏன் ஈரமாக இருக்கிறது, அன்றைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தேனே. "ரோஷி" என்று மனசுக்குள் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பினாள். உதடு நீலமாக, ஒரு கண் பாதி திறந்து, நெற்றியில் முடி ஒட்டியிருந்த அந்தப் படத்துக் குழந்தை. அவள்தான் ஷூவைக் கையில் பிடித்திருந்தாள். ஹெட்போனில் கேட்ட குரலில், மூக்கை உறிஞ்சாமல், தெளிவாக, இது காயறதுக்குள்ள நாளைக்கு வந்துடுமா என்று கேட்டாள். இல்லை, நீ இல்லை, தள்ளு என்று புனிதவதி அந்த முகத்தை விலக்கி அதற்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் ஒருவரும் இல்லை. அவள் மகளின் மூக்கு எப்படி இருக்கும் என்று தேடினாள், பல்வரிசை எப்படி என்று தேடினாள், தேடத் தேட அந்தப் பிள்ளையின் மூக்கும் பல்லும்தான் வந்தன. அப்போது வந்த அழுகையை அவள் வரவழைக்கவில்லை. எந்தப் பொருளையும் பிடிக்கவில்லை. அது தேம்பலாகத் தொடங்கி, சத்தமே இல்லாமல் போய், மூச்சு திரும்பும்போது நாய் ஊளையிடுவது போல ஒன்றாக முடிந்தது. திரையில் அந்த நடிகையின் வாயசைவுக்கு அது அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது.

"அக்கா!" என்று பிரேம் கத்தினான், கைதட்டிக்கொண்டே. "இதுதான்க்கா! இதுக்குத்தான்க்கா நான் காத்துட்டிருந்தேன்!" புனிதவதி ஹெட்போனைக் கழற்றினாள். மூக்கு அடைத்திருந்தது, பேச்சு சரியாக வரவில்லை. "ரஃபி, அந்த முன்னாடி எடுத்தீங்களே, கிழிஞ்சதுன்னு சொன்னீங்களே... அத மட்டும் எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுங்க." ஷூவும் வாசனையும் அதில் இருக்காது, வெறும் சத்தம்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் ரோஷிணியைப் பார்த்து அழுத சத்தம். அது எங்கேயாவது இருந்தால் போதும். ரஃபி கண்ணாடிக்கு அப்பால் கையை விரித்தான். "அதுக்கு மேலயேதாம்மா எடுத்தேன். அது போயிடுச்சு. எதுக்கும்மா, இது அத விட நூறு மடங்கு." அவள் சரி என்றாள். படத்தில் இன்னும் ஓர் இடம் பாக்கியிருந்தது, அழுத குரலிலேயே அம்மா குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கையிலிருந்த தாளைப் பார்த்து அந்தப் பெயரைப் படித்துக்கொண்டு, புனிதவதி மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.